கறை வைத்துப் படித்த பாடம்

மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. அவள் மடித்து அடுக்கிய படுக்கை விரிப்பின் ஓரத்தில் விரலை வைத்தால் விரல் அறுந்துவிடும் என்று கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள், ஆனாலும் முழுப்பொய் இல்லை. பன்னிரண்டு வருஷமாக ரத்தக்கறை, மருந்துக்கறை, மைக்கறை என்று எந்தக் கறையையும் விட்டுவைக்காதவள். அழுக்கு என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு மூக்கு சிவந்துவிடும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் யார் தெரியுமா? பைக் மெக்கானிக். பத்து விரல் நகத்திலும் கிரீஸ். அதனால் கல்யாணமான மறுநாளே வீட்டில் ஒரே ஒரு சட்டம் போட்டுவிட்டாள்: கை கழுவாமல் எதையும் தொடக்கூடாது. கதவுப்பிடி, துண்டு, டிவி ரிமோட், சுவர், எதுவானாலும் சரி. கல்யாண ஆல்பத்தைக்கூட அவள் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்ட, அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பார். மனுஷனுக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்!

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் சலவைக் கூடத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இன்னும் மூன்று மாதத்தில் கூடத்தை மூடப் போகிறார்கள், துணியெல்லாம் வெளியே ஒரு கம்பெனிக்குப் போகும். வேலையில் இருக்க வேண்டும் என்றால் கருவி அறைத் தேர்வு எழுதித் தேற வேண்டும். கருவி அறை என்பது அறுவைச் சிகிச்சைக்கான கத்தி, கத்திரி, இடுக்கியையெல்லாம் கழுவி, நீராவியில் வேகவைத்து, பொட்டலம் கட்டிக் கொடுக்கும் இடம். ஐம்பது கேள்வி, நாற்பது சரியாக எழுத வேண்டும். ஒருவர் மூன்று முறைதான் எழுதலாம்.

மடிப்பக்கா ஏற்கெனவே இரண்டு முறை எழுதியிருந்தாள். கூடத்தை மூடும் பேச்சே இல்லாத காலத்தில், ஆசைப்பட்டு. முதல் முறை முப்பத்தாறு, இரண்டாவது முறை முப்பத்தெட்டு. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. அது போனால் வேலையும் போச்சு. நாற்பத்துநாலு வயதில், பிளீச்சிங் பவுடர் அரித்து வெடித்த கையோடு, வேறு எங்கே போய் நிற்பது? நோட்டீஸைப் படித்துவிட்டு அவள் நேராகப் போய்க் காய்ந்த விரிப்புகளை மடிக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு மடித்ததெல்லாம் கோணலாக வந்தது.

படிப்பதற்குத் தொண்ணூற்றாறு பக்கத்தில் ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். அதன் இரண்டாம் பக்கத்தைத் தாண்டி அவள் விழித்திருந்ததாகச் சரித்திரம் இல்லை.

வழி சொன்னவள் நாத்தனார். புருஷனின் தங்கை, மாடி அறையில் குடியிருப்பவள், தெரு முக்கில் பெண்களுக்கான பார்லர் நடத்துபவள். வாய்த்துடுக்கு கொஞ்சம் தூக்கல்.

"அண்ணி, புத்தகத்தை முழுங்கப் பாக்காதீங்க. துண்டு துண்டா நறுக்குங்க. ஒரு அட்டைல முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். முடிச்சாயம் அறுபது நம்பரையும் நான் அப்படித்தான் மனப்பாடம் பண்ணேன்."

"உனக்கு ஞாபகம் நின்னுச்சா?"

"நிக்காம? தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க. அஞ்சாம் நம்பர் காப்பிப் பழுப்பு, ஆறாம் நம்பர் தேன் பழுப்பு. ஒரே ஒருத்தருக்குத்தான் மாத்திப் போட்டேன். அவங்களுக்கும் அது பிடிச்சிருச்சு."

புது விரிப்புகள் வரும்போது கசங்காமல் இருக்க உள்ளே ஒரு வெள்ளை அட்டை வைத்திருப்பார்கள். கூடத்தில் அதைக் குப்பையில்தான் போடுவார்கள். மடிப்பக்கா முப்பது அட்டைகளைக் கேட்டு வாங்கி வந்து, ஒவ்வொன்றையும் ஆறாக நறுக்கினாள். நூற்றெண்பது அட்டைகள். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஓரம் ஒரு நூல் பிசகாது. முத்து முத்தான கையெழுத்தில் கேள்வியும் பதிலும் எழுதி முடித்தபோது, அதைப் படிக்கவே மனம் வரவில்லை. அவ்வளவு வெள்ளை.

"இதை ஒருத்தரும் கை கழுவாம தொடக்கூடாது, சொல்லிட்டேன்!" என்றாள்.

சொல்லிவிட்டால் ஆச்சா? அட்டையைக் கையில் பிடித்துக் கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டுமே. புருஷன் பட்டறையை விட்டு நகர முடியாது. அதனால் வேலை முடிந்ததும் அவளே பட்டறைக்குப் போனாள். அவர் ஒரு கையில் ஸ்பேனரும் மறுகையில் அட்டையுமாகக் கேள்வி கேட்டார்.

"கைய கழுவிட்டுப் பிடிங்க!"

"அட்டைக்கு ஒரு தடவை கழுவினா, வண்டிக்காரன் என்னைத் தொவைச்சிடுவான்."

முதல் அட்டையில், வலது மேல்மூலையில், ஒரு கட்டைவிரல் தடம் விழுந்தது. ரேகை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. மடிப்பக்கா ரப்பரால் தேய்த்தாள், போகவில்லை. பார்லரிலோ இன்னும் மோசம். நாத்தனார் ஒரு தலைக்குச் சாயம் பூசிக்கொண்டே அட்டையைப் புரட்டுவாள், அஞ்சாம் நம்பர் சொட்டும். வீட்டில் டீ கிளாஸ் வட்டம். சொந்தக் கண்ணீர் ஒரு அட்டையில். கறை எடுத்தே பேர் வாங்கியவளின் கையில் இப்படி ஒரு கட்டு! ஊர் சிரிக்காதா?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பதில் வந்தது. நாலே வாரத்தில் பொறி பறந்தது. புருஷன் அட்டையை எடுத்து நிமிர்வதற்குள், "பதினஞ்சு நிமிஷம்!" என்பாள். "கத்திரியைத் திறந்துதான் வைக்கணும்!" என்பாள். "கனமானது அடியில!" என்பாள்.

"கேள்வியைப் படிக்கவே விட மாட்டேங்கிறியே," என்று அவர் அலுத்துக்கொண்டார்.

"தெரிஞ்சதை எதுக்குப் படிக்கணும்?"

பட்டறைக்கு வருகிறவர்கள் வண்டியை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பார்லரில் தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த பெண்கள் கை தட்டினார்கள். மடிப்பக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பாடமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு என்று அவளே தன் வாயால் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம்.

தேர்வுக்கு ஆறு நாள் இருந்தபோது அது நடந்தது.

சலவைக் கூடத்தில் இயந்திரத்தில் துணி போடும் முன் பை பார்க்க வேண்டும் என்பது விதி. டாக்டர் கோட்டில் பேனா இருக்கும், நர்ஸ் உடையில் சாவி இருக்கும், ஒருமுறை யாருடைய பல்செட்டோ இருந்தது. "பையைப் பார், பிறகு போடு" என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்ததே மடிப்பக்காதான். பை பார்க்காமல் போட்ட புது ஆட்களை அவள் திட்டாத திட்டு இல்லை. அன்றைக்கு இரண்டாம் இயந்திரத்தில், கொதிக்கும் தண்ணீரில், பிளீச்சோடு, அவளுடைய மேலங்கியை அவளே போட்டாள். மேலங்கியின் முன்பையில் ரப்பர் பேண்ட் சுற்றிய நூற்றெண்பது அட்டைகள்.

வட்டக் கண்ணாடிக்குள் வெள்ளையாக ஏதோ மிதப்பதைப் பார்த்தபோதுதான் அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. இயந்திரம் ஓட ஆரம்பித்துவிட்டால் நாற்பது நிமிஷத்துக்குக் கதவு திறக்காது. அந்த நாற்பது நிமிஷமும் கண்ணாடி முன்னால் நின்றாள். கண்காணிப்பாளர் வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் நாக்கில் சனி.

"அக்கா, சுவத்துல இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

ஊருக்குத்தான் உபதேசம்! கதவு திறந்தபோது ரப்பர் பேண்ட் மட்டும் முழுசாக இருந்தது. உள்ளே இருந்ததைப் பிழிந்து ஒரு உருண்டையாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உருண்டை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. கறை முழுக்கப் போயிருந்தது.

"இவ்வளவுதானே அண்ணி? புத்தகம் இருக்கு, அட்டை இருக்கு, கை இருக்கு," என்றாள் நாத்தனார்.

மறுநாள் விடுமுறை. அண்ணனும் தங்கையும் காலையிலேயே எழுத உட்கார்ந்துவிட்டார்கள். அவர் பட்டறைக்குப் பூட்டுப் போட்டார், பதினாறு வருஷத்தில் முதல் முறையாக. நாலு தடவை கை கழுவினார், அதன் மேல் தங்கையின் பார்லர் கையுறையையும் மாட்டிக்கொண்டார். சாயங்கால வெயில் சன்னலில் இருக்கும்போதே நூற்றெண்பதும் தயார். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. இந்த மனுஷனுக்கு இவ்வளவு அழகாக எழுத வருமா என்று மடிப்பக்காவுக்கு அன்றுவரை தெரியாது.

"கேளுங்க," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர் முதல் அட்டையை எடுத்தார். அவள் பேசாமல் இருந்தாள். அவரே படித்தார். "நீராவி நூத்தியிருபத்தோரு டிகிரி. எத்தனை நிமிஷம்?"

மடிப்பக்கா அட்டையைப் பார்த்தாள். வெள்ளை. மூளைக்குள்ளும் அதே வெள்ளை.

"அண்ணி, விளையாடாதீங்க. இது உங்க முதல் அட்டை."

"தெரியும்... வாய் வரைக்கும் வருது."

அடுத்த அட்டை. அதற்கடுத்தது. நூற்றெண்பதில் இருபத்தொன்பது தேறியது. மற்றதெல்லாம் முதல்முறை பார்ப்பது போல இருந்தது. கடைசியில் அவள், "அதுல கட்டைவிரல் இருக்குமே, மேல..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"நான் கேள்வியையே படிக்கலங்க," என்றாள் மடிப்பக்கா. "இவ்வளவு நாளா உங்க அழுக்கைத்தான் படிச்சிருக்கேன்." சொல்லிவிட்டு அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். மூன்றாவது முறையும் போச்சு, வேலையும் போச்சு, எந்த முகத்தோடு கூடத்துக்குப் போவேன் என்று அழுதாள்.

புருஷன் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். அங்கே நின்ற தன் பைக்கின் செயினில் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தார். திரும்பி வந்து வெள்ளை அட்டைகளின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கைய கழுவுங்க!" என்று மடிப்பக்கா அழுகையின் நடுவிலும் கத்தினாள். பழக்கதோஷம்.

"எங்க வைக்கணும், சொல்லு."

"என்னது?"

"முதல் அட்டை. தடம் எங்க இருந்துச்சு?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "மேல... வலது மூலைல."

"நேராவா, சாஞ்சா?"

"சாஞ்சு. அன்னிக்கு நீங்க அந்தச் சிவப்பு வண்டிக்கு பிளக் மாத்திட்டிருந்தீங்க. வண்டிக்காரன் வேற அவசரப்படுத்துனான். நான் தப்பா இருபதுன்னேன், நீங்க சிரிச்சீங்க. பதினஞ்சு."

அவர் தடத்தை வைத்தார். அச்சு அசலாக அதே இடம்.

நாத்தனார் மாடிக்கு ஓடிப்போய் அஞ்சாம் நம்பர் சாயத்தைக் கிண்ணத்தில் கரைத்துக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு வருஷம் கறை எடுத்தவள், கறை வைக்க உட்கார்ந்தாள். எங்காவது உண்டா இந்தக் கூத்து? ஒவ்வொரு கேள்வியாக அவர் படிக்க, அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த நாளைத் தேடினாள்.

"பொட்டலம் ஈரமா வெளிய வந்தா?"

"இருங்க இருங்க... சாயம். நடுவுல ரெண்டு சொட்டு. ஒரு கல்யாணப் பொண்ணோட அம்மா நரைக்குப் போட வந்தாங்க. மகளை நினைச்சு அழுதாங்க, சாயம் வழிஞ்சுது. ஈரமா இருந்தா சுத்தம் இல்லைன்னு கணக்கு. திரும்ப முதல்லேர்ந்து."

"ஒரு சொட்டுதான் அண்ணி," என்றாள் நாத்தனார்.

"ரெண்டு. எனக்குத் தெரியாதா? நான் ரப்பரால தேய்ச்சவ!"

வேலை முடிந்து வந்த மாலைகளில் இதே காரியம்தான். முதல் நாள் நாற்பது அட்டை, மறுநாள் எழுபது. மூன்றாம் நாள் புருஷன் விரலைத் தூக்கியவர், வைக்காமல் நிறுத்திக்கொண்டார்.

"ஏம்மா, கேள்வி கேட்ட உடனே கறை வருது, கறை வந்த உடனே பதில் வருது. அப்புறம் நான் எதுக்கு இதை வைக்கணும்?"

மடிப்பக்கா யோசித்தாள். அவர் சொன்னது சரிதான். முன்னால் கறை அட்டையில் இருந்தது, இப்போது அவளுக்குள் இருந்தது. ஆனால் எழுபது நாள் திட்டிய திட்டுக்கு இப்போது என்ன பதில் சொல்வது?

"பேசாம வைங்க," என்றாள்.

கடைசியில் ஒரே ஒரு அட்டை மிஞ்சியது. பொட்டலம் ஒட்டும் நாடாவில் கோடுகள் இருக்கும், நீராவி பட்டால் அவை கறுக்கும். 'கோடு கறுத்துவிட்டால் உள்ளே உள்ள கருவி சுத்தமாகிவிட்டது என்று பொருளா?' இரண்டு தேர்விலும் அவள் காலை வாரிய கேள்வி இது. இரண்டு முறையும் 'ஆமாம்' என்று எழுதியவள். அந்த ஆத்திரத்தில் அதைக் கட்டின் அடியிலேயே வைத்திருந்தாள், ஒருவரும் தொட்டதில்லை. அதனால் அதற்குக் கறையே இல்லை.

"எதுவும் ஞாபகம் வரலியே," என்றாள்.

"அப்ப புதுசா ஒண்ணு வச்சுக்கலாம்," என்ற நாத்தனார் உதட்டில் இருந்த கருஞ்சிவப்புச் சாயத்தை இன்னொரு பூச்சுப் பூசிக்கொண்டு, அட்டையை எடுத்து 'இச்' என்று ஒரு முத்தம் வைத்தாள். தெரு முக்கு வரை கேட்டிருக்கும். "அண்ணி, நல்லாக் கேட்டுக்குங்க. முத்தம் குடுத்துட்டா கல்யாணம் ஆயிடுச்சுன்னு அர்த்தமா? இல்ல! கோடு கறுத்துட்டா சுத்தம் ஆயிடுச்சுன்னு அர்த்தமா? இல்லவே இல்ல! நீராவி பட்டிருக்கு, அவ்வளவுதான். உள்ள என்ன நடந்துச்சுன்னு வேற பரிசோதனை வச்சுத்தான் பாக்கணும்."

அண்ணன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அவர் தோள் குலுங்கியது.

தேர்வு அறையில் வினாத்தாளைக் கொடுத்தார்கள். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, ஒரு பொட்டு அழுக்கு இல்லை. மடிப்பக்கா பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு கண்ணை மூடினாள். முதல் கேள்வியைத் திரும்ப மனதுக்குள் படித்தாள். சிவப்பு வண்டி வந்தது, பிளக் வந்தது, வலது மேல்மூலையில் சாய்ந்த கட்டைவிரல் வந்தது. எழுதினாள். டீ வட்டம் வந்தது, எழுதினாள். ரெண்டு சொட்டு வந்தது, அழுத அம்மா வந்தாள், எழுதினாள். சில கேள்விகளுக்குத் தடம் வந்து பதில் வராமல் போனது, அதற்காக அவள் உட்கார்ந்து அழவில்லை.

நாற்பத்தேழாம் கேள்வி நாடாவைப் பற்றியது. படித்த உடனே காதுக்குள் 'இச்' என்று கேட்டது. மடிப்பக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"என்னம்மா, சிரிப்பு வர்ற மாதிரி கேள்வியா அது?" என்று மேற்பார்வைக்கு நின்றவர் முறைத்தார்.

"மன்னிச்சுக்குங்க சார்," என்று குனிந்து, 'இல்லை' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டாள்.

பத்து நாள் கழித்து, மத்தியானம், கண்காணிப்பாளர் ஒரு உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்தவர் நகராமல் பக்கத்திலேயே நின்றார். மடிப்பக்கா பிரித்தாள். ஐம்பதுக்கு நாற்பது. அடுத்த மாதம் முதல் தேதி கருவி அறையில் சேர வேண்டும்.

அவள் மேலங்கியைக் கழற்றினாள், பையை இரண்டு முறை பார்த்தாள், பிறகு பட்டறைக்கு ஓடினாள். வழியில் பார்லர். விஷயத்தைக் கேட்டதும் நாத்தனார் பாதித் தலையை அப்படியே விட்டுவிட்டுக் கூடவே ஓடி வந்தாள்.

"நாப்பதா? கரெக்டா நாப்பதா? அப்ப என் முத்தம் இல்லாட்டி நீங்க முப்பத்தொம்பது அண்ணி! சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன்!"

"சொல்லிக் காட்டு தாயே, சொல்லிக் காட்டு."

புருஷன் ஒரு என்ஜினுக்குள் கை விட்டபடி இருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். எழுந்தார். அவள் நீட்டிய கடிதத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு மூலையில் இருந்த குழாய்ப் பக்கம் நடந்தார்.

"எங்க போறீங்க?"

"கைய கழுவிட்டு வந்துடறேன்."

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். எந்த நல்ல விஷயத்தையும் இந்த மனுஷன் கை கழுவிவிட்டு வந்துதான் தொட்டிருக்கிறார்.

"கழுவாதீங்க. அப்படியே வாங்க."

"கிரீஸ் ஒட்டும்மா. ஆபீஸ் கடிதம்."

"ஒட்டட்டும். கட்டைவிரலை வைங்க. மேல, வலது மூலைல. சாய்ச்சு."

அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை முதல் முறையாகக் கேலி பேசாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் மெதுவாக, வண்டி சாவியைத் துவாரத்தில் வைப்பது போல, கட்டைவிரலைக் கடிதத்தில் வைத்து எடுத்தார். ரேகை எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

மடிப்பக்கா ஊதிக் காயவைத்தாள். பிறகு, மடிப்பு அந்தத் தடத்தின் மேல் விழாமல் பார்த்து, கடிதத்தை மூன்றாக மடித்தாள்.